படத்தில் இருந்த வழி

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அக்கா தம்பியின் பெயரை எழுதிவிட்டாள். மருத்துவமனை எழுத்தர் வேறொரு தாளை நீட்டினார்.

காலையில்தான் அவன் போன் செய்திருந்தான். "உன் ஆபீஸ் கட்டடத்துக்குத்தான்க்கா வந்திருக்கேன். நாலாம் மாடியில ஏ.சி. ரிப்பேர். சாப்பாட்டுல எனக்கும் பங்கு வை, எல்லாத்தையும் நீயே காலி பண்ணிடாத."

பதினொன்றரை மணிக்கு அந்த மாடியில் மின்கம்பி கருகிப் புகை மண்டியது. அங்கே தினமும் வேலை செய்கிறவர்கள் முன்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கி வந்துவிட்டார்கள். புதிதாக வந்தவன் அவன் ஒருவன்தான்.

தாழ்வாரத்து பெஞ்சில் தம்பியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் போய் அமர்ந்ததும் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். தீயணைப்பு அதிகாரி வந்து எதிரே நின்றார்.

"தூக்கத்துலகூட காலாட்டிக்கிட்டே இருக்கிற ஆளு சார் அவரு," என்றாள் தம்பி மனைவி. "எப்படி வழி தப்பினாரு?"

"வழி தப்பலம்மா. சுவத்துல மாட்டியிருக்கிற படத்துல, ஆபத்துன்னா பின்பக்கப் படிக்குப் போகச் சொல்லி அம்புக்குறி போட்டிருக்கு. சரியா அங்கதான் போயிருக்காரு. போன வருஷமே அந்தப் படியைச் சுவர் எழுப்பி அடைச்சிட்டாங்க. படத்தை யாரும் மாத்தல."

"யார் மாத்தணும்?"

அதிகாரி தன் குறிப்பேட்டைப் புரட்டினார். அந்தக் கட்டடத்தின் நிர்வாக அலுவலகத்தில் அக்கா எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். மேலாளரே அப்படித்தான் சொல்வார். மேலாளர் பெயரைச் சொல்லிவிடலாம். ஒரு முறை அவரும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்றிருந்தார்.

"நான்தான்," என்றாள் அக்கா. குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "படத்தை மாத்தச் சொல்லி அப்பவே கடிதம் வந்துச்சு. இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டுட்டேன்."

தோளில் இருந்த பாரம் மெல்ல விலகியது. தம்பி மனைவி அழவில்லை.

"அந்தப் படமெல்லாம் உங்க வேலைன்னு அவருக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பிணவறைக் கதவு பாதி திறந்தது. ஊழியர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "அடையாளம் காட்டணும். ஒருத்தர் மட்டும் வாங்க."

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பிறகு அக்கா உட்கார்ந்துகொண்டாள்.