கணுக்கால் அளவு வெள்ளம்

"கணுக்கால் அளவுதாம்மா வந்துச்சு" என்றார் தங்கராசு, கேட்டைத் திறக்காமலேயே.

மாலதிக்கு எரிச்சலாக வந்தது. கடலூரில் கெடிலம் கரையோரம் முளைத்த இந்த நகரில் காலையிலிருந்து இருபது வீடு ஏறிவிட்டாள். எல்லோரும் இதையே சொன்னார்கள். 2005 மழையில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேட்டு வெள்ள அபாய வரைபடத்துக்குக் குறிப்பது அவள் வேலை. அதற்காகத்தான் ஒரு வாரமாகச் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறாள்.

பையிலிருந்து ஒரு பழைய மனுவின் நகலை எடுத்து நீட்டினாள். "நெஞ்சளவு தண்ணியில தவிக்கிறோம்னு நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"அது நிவாரணத்துக்கு எழுதுனதும்மா. இது மேப்புக்கு."

வரைபடத்தில் தெரு அபாயச் சிவப்பில் வந்தால் மனை விற்காது என்று முதல்நாளே நலச்சங்கத்தைக் கூட்டி எல்லோருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தவரே தலைவர் தங்கராசுதான். அவருக்கு அங்கே விற்க இரண்டு மனை இருந்தது. எல்லாம் படித்தவர்கள். வாஸ்து பார்த்து வீடு கட்டியவர்கள், ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. மனுவில் கூட்டித்தான் எழுதுவார்கள், வீட்டுக்காரர் வாயால் சொல்வதையே எழுது என்பது மாலதிக்கு மேலிடத்து உத்தரவு. எழுதினாள். தெரு பச்சையில் போனது.

அடுத்த வருஷம் நவம்பரில் மழை விடவில்லை. தங்கராசுவின் மகள் தமிழ்ச்செல்வி நிறைமாதமாகப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். விடிந்ததும் தண்ணீர் உள்ளே வந்துவிட, எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். பத்து மணிக்கு அவளுக்கு வலி எடுத்தது. தங்கராசு படகு கேட்டு வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு போன் மேல் போன் போட்டார்.

"உங்க தெரு பச்சையில இருக்கு சார். செவப்புத் தெருவெல்லாம் முடிச்சிட்டுத்தான் வருவோம்."

"நெஞ்சளவு நிக்குதுங்க" என்று அழாத குறையாகச் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது.

படகு மாலையில் வந்தது. அதற்குள் தார்ப்பாய்க்கு அடியில், பக்கத்து வீட்டு நர்ஸ் லோகநாயகியின் கையில் குழந்தை பிறந்திருந்தது. நனைந்து நீலம் பாரித்த அந்தச் சிசு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்துதான் பிழைத்தது.

பொங்கல் முடிந்து, வரைபடத்தைத் திருத்த மாலதி மறுபடியும் வந்தாள். அவளைக் கண்டதும் எதிர்வீட்டு மைத்துனன் கண்ணாயிரம் ஓடிவந்து தங்கராசுவின் காதைக் கடித்தான்.

"மாமா, முழங்கால்னு சொல்லுங்க. என் மனைக்கு ஆள் வர்றாங்க."

தங்கராசு கேட்டை அகலத் திறந்தார். பொங்கலுக்கும் வெள்ளையடிக்காமல் விட்டிருந்த கூடத்துச் சுவரில், அவர் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக்கோடு அப்படியே இருந்தது.

"டேப்ப வச்சு அளந்துக்கம்மா" என்றவர் மைத்துனன் பக்கம் திரும்பினார். "நாம கொறைச்சு சொன்னா தண்ணி கொறைஞ்சா வருது? மனைய விக்கிறதுக்கு வெள்ளத்த மறைச்சேன். எம்பொண்ணுக்கு வரவேண்டிய படகையும் சேத்து மறைச்சிட்டேன்டா."