பூசாத சுவர்

கொத்தனாரின் மகள் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட நாட்களிலெல்லாம் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தது. மயிரிழையாகத் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் ஒரு சாண் நீளும். அந்த வருடம் மணல் கிடைக்கவில்லை, சிமென்ட் விலை ஏறியது, மழையும் ஏமாற்றியது. தெரிந்திருந்தால் இதையும் ஊர் அந்த வரிசையில் சேர்த்துப் பேசியிருக்கும். கொத்தனார் தெரியவிடவில்லை. கொத்தனார் வீட்டுச் சுவரே வெடித்தால் அப்புறம் எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? விடிந்ததும் விரிசலைக் கொத்தி அகலமாக்கி, தூசி தட்டி, தண்ணீர் தெளித்து, கெட்டிக் கலவை வைத்து அழுத்தி, மட்டப்பலகையால் இழுத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். அஸ்திவாரம் இறங்குகிறது என்று நம்பினார். வேறு மாதிரி நினைக்க அவருக்குக் கற்றுத்தந்தவர் யாருமில்லை.

அதற்கு முந்தைய வருடம்தான் மகன் சாரத்திலிருந்து விழுந்து செத்திருந்தான். அவனும் கொத்தனார்தான், அப்பனோடு ஒரே கட்டடத்தில் வேலை. அடக்கம் முடிந்த மறுநாளே கொத்தனார் கரண்டியை எடுத்துக்கொண்டு போய், மகன் பாதியில் விட்ட சுவரைப் பூசி முடித்தார். அதன் பிறகு அவன் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. மகள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போய்வந்தாள். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஏன் என்று அம்மா கேட்டால், "அட்டை உரசுதும்மா" என்பாள். அம்மா சித்தாள். நாள் முழுக்கக் கலவைச் சட்டி சுமந்து வந்தவளுக்கு அதற்கு மேல் கேட்கத் தெம்பு இருக்காது.

ஒரு விடுமுறை நாளில் அம்மாவின் தம்பி வந்தார். எதைப் பார்த்தாலும் சாய்ந்திருக்கிறது என்று சொல்வதால் அவருக்குக் கோணல் என்று பெயர். தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தார், மூலையைத் தோண்டிப் பார்த்தார், கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"மாமா, உங்க அஸ்திவாரத்துல யானையக் கட்டலாம். சுவரும் நேராத்தான் நிக்குது. நீங்கதான் கொஞ்சம் கோணலா நிக்கிறீங்க."

சிரித்து முடிப்பதற்குள் துணி கிழிவது போல ஒரு சத்தம். குளியலறைக் கதவோரம் தொடங்கிய விரிசல் அவர்கள் கண்முன்னே கூரை வரை ஓடியது. ஆண்கள் இருவரும் சுவரைப் பார்த்தார்கள். அம்மா கதவைப் பார்த்தாள்.

"கதவத் திற கண்ணு. அம்மாதான். திட்ட மாட்டேன்."

கதவு திறக்க வெகுநேரமானது. மகளின் கையைப் பார்த்ததும் கொத்தனார் கத்தினார். வேளாவேளைக்குச் சோறு போடுகிறேன், உனக்கு என்னடி குறை, ஊருக்குத் தெரிந்தால் என் மானம் என்னாவது என்று கத்தினார். அம்மா ஒரு சுத்தத் துணியைச் சுற்றிக் கட்டியபடியே சொன்னாள்: "ஊரா வந்து இவளச் சுமக்கப்போகுது? போய் வண்டியக் கூட்டிட்டு வாங்க."

பக்கத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டவர், "தின்னது செரிக்காத வேலை" என்று ஏசினார். அன்று முதல் மகள் வாய் திறக்கவில்லை. சமையலறைச் சுவர் இரண்டாகப் பிளந்தது. ஆனால் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி வாசல்வரை பின்னாலேயே வந்திருந்தாள். "பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவுன்னு ஒண்ணு இருக்குக்கா. இதுக்குன்னே டாக்டர் இருக்காங்க. தள்ளிப்போடாதீங்க" என்றாள். சமையலறை பிளந்த மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். கொத்தனார் நான்கடி பின்னால் நடந்தார்.

அங்கே டாக்டரம்மா ஏசவில்லை. சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்டார். "இல்ல," என்றாள் மகள். "உள்ள இருக்கிறத எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல." பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்: "அன்னிக்கு அண்ணன் லீவு போடறேன்னுதான் படுத்திருந்தான். சோம்பேறின்னு திட்டி நான்தான் எழுப்பி அனுப்பினேன்." அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கொத்தனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: சுவரைப் பூசலாமா? டாக்டரம்மாவுக்கு அது புதுக் கேள்வி இல்லை. ஒருவர் வீட்டில் பாத்திரங்கள் தானாக நசுங்கின, இன்னொருவர் வீட்டுக் கிணறு உப்பாகியிருந்தது, அவர்களும் இப்படித்தான் கேட்டார்கள். "அடுத்த தடவை பூசாம, அவ பக்கத்துல போய் உட்காருங்க" என்றார்.

பூசாமல் இருப்பதுதான் கொத்தனாருக்கு வாழ்நாளில் ஆகக் கடினமான வேலையாக இருந்தது. தன் வீட்டையே பூசத் தெரியாதவன் நம்ம வீட்டை என்ன பூசுவான் என்று தெருவில் பேசினார்கள். கைக்கு வந்த ஒப்பந்தங்கள் போயின. அடுத்தவனிடம் தினக்கூலிக்குப் போனார். மகள் வாராவாரம் போய்ப் பேசினாள், மாத்திரை சாப்பிட்டாள். அந்த நினைப்பு எழும்பும்போது குளியலறைக்குப் போகாமல் வாசலுக்கு வந்து அம்மாவைக் கூப்பிடப் பழகினாள். பல நாள் முடிந்தது, சில நாள் முடியவில்லை. முடியாத நாளில் சுவர் விரிந்தது; கொத்தனார் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச வராது, உட்கார மட்டும் வந்தது. மகன் பெயரைச் சொல்ல அம்மாவுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. சொன்ன பிறகு அவளும் மகளும் அவனைத் திட்டினார்கள், அழுதார்கள், அவன் குறட்டையை நினைத்துச் சிரித்தார்கள். கொத்தனார் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். வருடங்கள் போயின. விரிசல் எப்போதாவது என்றானது. மகளுக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. அங்கும் மாதம் ஒருமுறை போய்ப் பேச ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டாள். வாடகை வீட்டுக்காரியிடம், என் அறைச் சுவர் எப்பவாவது வெடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "மழைக்கு ஒழுகுமா?" என்றாள் அவள். ஒழுகாது. "அப்ப சரி."

ஒரு காலையில் கொத்தனாரின் கட்டிலுக்குப் பின்னால் கையகல விரிசல் ஒன்று கிடந்தது. பதறிப்போய் மகளுக்குப் போன் போட்டார்.

"நான் நல்லாத்தாம்ப்பா இருக்கேன். சத்தியமா. அது என்னுது இல்ல."

வீங்கிக் கன்றிய தன் விரல் முட்டிகளைக் கொத்தனார் பார்த்துக்கொண்டிருந்தார். சிமென்ட் தின்ற கை என்று மனைவி எண்ணியிருந்தாள். ஆளில்லாத கட்டடங்களில் தூண்களைக் குத்திக் குத்தி வந்தது அது. எத்தனை வருடமாக என்று அவருக்கே தெரியாது.

"போப்பா," என்றாள் மகள். "அங்க திட்ட மாட்டாங்க."

பெரியாஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற பெண் நிமிராமல் யாருக்கு என்று கேட்டாள்.

"எனக்குத்தாம்மா."

"என்ன பண்ணுது?"

"எம் பையன் செத்துட்டான்," என்றார் கொத்தனார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள், பெஞ்சைக் காட்டினாள். அங்கே இருந்த ஆள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். கொத்தனார் சாய்ந்ததும் முதுகுக்குப் பின்னால் சுவர் பிளந்து, காரைத் தூள் அவர் தோளில் கொட்டியது. பக்கத்து ஆள் தன் வீட்டுக்காரிக்கு என்ன வாங்கிப்போவது என்று போனில் கேட்டபடியே, அந்தத் தூளைக் கையால் தட்டிவிட்டார்.