குதிரையின் பின்பாதி

குதிரையின் பின்பாதியைத் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்து, என் கணவர் மோர் கேட்டார். நான் மோரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தபோது இறந்துபோனார். மோரை நானே குடித்தேன். நல்ல வெயில்.

மறுவாரம் பழைய இசை நாடகங்களுக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. அவற்றில் எதற்கு மறுபடி மேடையேறும் தகுதி இருக்கிறது என்று பார்த்து, ஒன்றுக்கு மட்டும் உயிர் கொடுக்கப்போவதாக மறுமேடை வாரியம் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டிருந்தது. நாடகங்கள் நேரில் வர வேண்டும். ஒவ்வொன்றும் தன்னை மறக்காத பார்வையாளர் ஒருவரைக் கூட்டி வர வேண்டும். 'சந்திரவதனன் படையெடுப்பு' விடிந்ததும் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டியது.

ஒல்லியாக இருந்தது. முகம் நிறையப் பவுடர். மூன்றாம் அங்கத்தைக் கரையான் அரித்துவிட்டதால் அதற்கு ஒரு காது இல்லை. உங்களைத் தவிர வேறு யாருக்கும் என்னை ஞாபகமில்லை என்றது. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். இட்லி சாப்பிட்டது.

அந்த நாடகத்தில் சந்திரவதன மகாராஜாவின் குதிரைக்குப் பின்னங்கால்களாக இருந்தவர் என் கணவர். முன்னங்கால்கள் தங்கப்பிச்சை. அவர் உயிரோடு இருக்கிறார். வாரியத்தின் கட்டடத்துக்கு அவரும் வந்திருந்தார், குதிரையின் முன்பாதியைப் போட்டுக்கொண்டு. பின்பாதி இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது. யாரும் அதன் மேல் இடிக்காமல் சுற்றிப் போனார்கள்.

"இன்னுமா கழட்டல?" என்று கேட்டேன்.

"கொக்கி அண்ணன் பக்கம்ல இருக்கு, மதினி."

வாசலில் விதிகள் எழுதியிருந்தன. தேர்வாகும் நாடகத்தில் முன்பு நடித்த அனைவரும் வந்தாக வேண்டும். உடம்பு சரியில்லை என்று விலக்குக் கேட்கக் கூடாது. இறந்துவிட்டேன் என்றும் கேட்கக் கூடாது. நாடகம் முடிந்ததும் அவரவர் வந்த வழியே போய்விட வேண்டும். நான் இறந்தவர்களைப் பற்றிய வரியை மறுபடி படித்தேன். தங்கப்பிச்சை குதிரையின் வாய் வழியாகப் படித்தார்.

அது மைக் வராத காலத்துக் கட்டடம். அதன் நடைவழி குரலுக்குத் தக்கபடி நீளும். அதனால் எல்லோரும் கிசுகிசுவென்று பேசினார்கள். 'உப்பளத்து ராணி' என்ற பெரிய நாடகம் ஒரு பெஞ்சு முழுவதும் உட்கார்ந்திருந்தது. அது உச்ச சுருதியில் ஒரு தும்மல் போட்டது. நடைவழி இரண்டு தெரு நீளத்துக்குப் போய்விட்டது. புதிதாக முளைத்த இடத்தில் ஒருவர் டீக்கடை வைத்தார். டீ நன்றாக இருந்தது.

காத்திருந்த நேரத்தில் சண்டை வந்தது. ராணியோடு வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அழுவதற்கு இதைப் போல இன்னொரு நாடகம் கிடையாது என்றார். தன் கல்யாணத்தன்று கூட அதை நினைத்து அழுததாகவும், பெண் வீட்டார் தவறாக எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார். 'மூன்று மாப்பிள்ளை' நாடகத்தோடு வந்த பெண்மணி, அழுகையை வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம், அதற்கு எதற்கு டிக்கெட் என்றார். எங்கள் நாடகம் எப்படி என்று என்னைக் கேட்டார்கள். ராஜா முட்டாள், இரண்டாம் அங்கத்துப் பாட்டெல்லாம் ஒரே மெட்டு, ஆனால் குதிரை நல்ல குதிரை என்றேன். சந்திரவதனன் படையெடுப்பு வெட்கத்தில் இருந்த ஒரு காதையும் பொத்திக்கொண்டது.

வாரியத் தலைவி டிக்கெட் கவுண்ட்டருக்குள் இருந்தார். அரைவட்ட ஓட்டையில் அவருடைய வாய் மட்டும் தெரிந்தது. திருத்தமான வாய்.

அந்த வாய் முதலில் உப்பளத்து ராணியைக் கூப்பிட்டது. ஏழு மணி நேரம் ஓடினால் ஜனங்களுக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்று கேட்டது. பஸ்ஸையும் நாடகத்துக்குள் விட்டுவிடலாம் என்றார் கண்டக்டர். ஆனால் ராணி தனக்கே தூக்கம் வருவதாகச் சொல்லி, அதே பெஞ்சில் படுத்துக்கொண்டது.

அடுத்தது மூன்று மாப்பிள்ளை. கதைப்படி மூவரும் ஒரே பெண்ணுக்காக அடித்துக்கொள்ள வேண்டும். இத்தனை காலம் ஒரே டிரங்குப் பெட்டிக்குள் கிடந்ததில் மூவரும் நல்ல சிநேகிதர்களாகிவிட்டார்கள். இனிமேல் சண்டை வராது என்று கைகோத்து நின்று சொன்னார்கள். வாய் கொஞ்சம் யோசித்தது. பிறகு அவர்களை நன்றாயிருக்கச் சொல்லி அனுப்பியது.

மிச்சம் நாங்கள்தான்.

"சந்திரவதனன் தேர்வு" என்றது வாய். "ஒரே ஒரு திருத்தம். குதிரை கிடையாது. மகாராஜா பைக்ல வருவாரு."

நடைவழி சுருங்கி எங்கள் தோளில் இடித்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குதிரை பிடிபடாது, துணிக் குதிரை சுத்தமாகப் பிடிபடாது என்று வாய் விளக்கியது. நான் பைக்கைப் பற்றி யோசித்தேன். பைக்குக்குப் பின்னங்கால்கள் வேண்டாம். பின்னங்கால்கள் வேண்டாமென்றால் அவர் வர வேண்டியதில்லை.

"பைக்கு கனைக்குமா, மேடம்?" தங்கப்பிச்சை கேட்டார்.

"ஹாரன் இருக்கு."

"ராஜா செத்தா பக்கத்துல நின்னு அழுகுமா?"

"ஸ்டாண்டு போட்டு நிக்கும்." வாய் ஒரு முறை மூடித் திறந்தது. "குதிரை கிடையாது. எல்லாரும் கலையலாம்."

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் எத்தனையோ வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்த்திருக்கிறேன். பார்க்க வந்தவர்களுக்கு ஓர் உரிமை உண்டு. பிடித்ததை மறுபடி கேட்கலாம். செத்து விழுந்த ராஜாவாகவே இருந்தாலும், கூட்டம் ஒன்ஸ் மோர் கேட்டால் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, சாகிற பாட்டை முதலிலிருந்து பாடி மறுபடி சாக வேண்டும். மாட்டேன் என்று சொன்ன நடிகர் கிடையாது.

"ஒன்ஸ் மோர்" என்றேன்.

"என்னது?"

"நல்லாச் சொன்னீங்க. ஒன்ஸ் மோர்."

கண்டக்டர் கை தட்டினார். சற்று முன் அவரோடு சண்டை போட்ட பெண்மணியும் தட்டினார். இன்னும் கிளம்பாமல் நின்ற மூன்று மாப்பிள்ளைகளும் விசிலடித்தார்கள். வாய்க்கு வேறு வழியில்லை. குதிரை கிடையாது என்று மறுபடி சொன்னது. இந்த முறை அதில் லேசாக ஒரு ராகம் இருந்தது. சுவருக்குள் எங்கோ ஒரு ஹார்மோனியம் சுருதி பிடித்தது.

மறுபடி கேட்டோம். பாடுகிறவர்களுக்கு ஒரே வரியை ஒரே மாதிரி இரண்டு தரம் பாடக் கூச்சமாக இருக்கும். வாய் 'குதிரை'யை இழுத்தது. சுழற்றியது. மேலே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்தியது. நடைவழி டீக்கடையைத் தாண்டி, பஸ் நிலையத்தைத் தாண்டி, வயல்வெளிக்குப் போயிற்று. நாங்கள் விடவில்லை. அடுத்த முறை குதிரை கிடையாதோ என்று பாடியது. அதற்கடுத்த முறை, கிடையாதென்று சொன்னவர் யார் என்று பாடியது. அதற்கு மேல் அந்த வரியில் போக ஒரே ஓர் இடம்தான் மிச்சமிருந்தது. குதிரை உண்டு என்று பாடி முடித்தது.

ஓட்டை வழியாக ஒரு கை வெளியே வந்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்தது.

"உண்டு. போதுமா?"

கண்டக்டர் ஆசையாக வாயைத் திறந்தார். தங்கப்பிச்சை அவர் காலைக் குளம்பால் மிதித்தார்.

நடைவழி அவ்வளவு தூரம் நீண்டுவிட்டதால் பின்பாதி வந்து சேர நேரமாயிற்று. எல்லோரும் டீ குடித்தோம். முதலில் வயல் பக்கம் ஒரு புள்ளி தெரிந்தது. அப்புறம் இரண்டு கால்கள், ஒரு வால். யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராக வந்து தங்கப்பிச்சையின் பின்னால் குனிந்தது. கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது. சுற்றிப் போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது குதிரையைச் சுற்றிப் போனார்கள்.

நான் துணியோரம் வாயை வைத்தேன்.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

"அங்க எப்படி?"

"பரவால்ல. நிமிந்து நிக்கலாம்."

வால் ஒரு முறை ஆடியது. "நீ எங்க உக்காந்திருக்க?" என்று கேட்டார்.

"முன் வரிசைல."

"தூசி படுமே."

"படட்டும்" என்றேன்.

அன்று சாயங்காலம் நாடகம் தொடங்கியது. இன்னும் முடியவில்லை. மகாராஜா படையெடுத்து வந்து, பாடிச் செத்து விழுகிறார். யாராவது ஒன்ஸ் மோர் கேட்கிறார்கள். கண்டக்டர் கண்ணயர்ந்தால் அந்தப் பெண்மணி கேட்கிறார். அவரும் அயர்ந்தால் நான் கேட்கிறேன். வாரியத் தலைவியின் வாய் கடைசி வரிசையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே அதுவும் ஒன்ஸ் மோர் கேட்கிறது. மகாராஜா எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி குதிரையில் ஏறி வருகிறார்.

நடுமேடைக்கு வந்ததும் முன்னங்கால்கள் நிற்கின்றன. பின்னங்கால்கள் முன்வரிசைப் பக்கமாக மேலும் இரண்டு எட்டு வைத்துத்தான் நிற்கின்றன.