தவளைச் சாறும் மூன்று கரண்டித் தேனும்

1.

இந்தக் கதை ஒரு குற்றச்சாட்டிலிருந்து பிறந்தது. குற்றச்சாட்டு இதுதான்: "தேன் குறைச்சல்."

சொன்னவன் சபினோ. காலை ஆறரை மணி, சந்தையில் அவன் மனைவி லியோகாடியாவின் சாற்றுக்கடை. பெரிய தம்ளர் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மேலுதட்டில் நுரை மீசையோடு நின்றான்.

"மூணு கரண்டி போட்டிருக்கேன்யா."

"நாலு போடுறது."

"நாலு போட்டா அஞ்சு கேப்பே."

"கேப்பேன்."

சட்டைக் கையால் மீசையைத் துடைத்தான், ரப்பர் பூட்ஸை மாட்டினான், ஏரிக்குப் போனான். பதினேழு வருடமாக தினமும் நடந்த பேச்சு அன்றைக்கும் நடந்தது. அதற்குமேல் அதில் விசேஷம் ஒன்றுமில்லை.

(முதலில் எழுதிய தொடக்கம் வேறு: "டிட்டிகாக்கா ஏரியின் நீர் அன்று பச்சையாக". அதோடு நின்றுவிட்டது. எனக்கு ஏரியைவிட அந்த மீசைதான் நன்றாக நினைவிருக்கிறது.)

2.

லியோகாடியா நானில்லை. அவளும் விதவை, நானும் விதவை. அவளும் சந்தையில் சாறு விற்கிறாள், நானும் விற்கிறேன். ஆனால் அவளுக்கு ஒரு தங்கப்பல் கொடுத்திருக்கிறேன். எனக்கு அந்த இடத்தில் ஓட்டை. இந்த வித்தியாசம் போதும் என்று நினைக்கிறேன்.

அவள் விற்றது தவளைச் சாறு. மக்கா கிழங்கு மாவு, மால்ட், காடை முட்டை, வேலங்காய்ப் பாகு, தேன், ஒரு ஏரித் தவளை. எல்லாம் மிக்சியில். இளைப்புக்காரர்கள் குடிப்பார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் குடிப்பார்கள், கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைகள் கூச்சத்தோடு வந்து, "அக்கா, ரெண்டு தவளையா போடுங்க" என்பார்கள். பிடிக்கத் தடை உண்டு. சோதனைக்கு ஆள் வந்தால் தவளைத் தொட்டி பாகு பாட்டில்களுக்குப் பின்னால் போய்விடும்.

சபினோவின் வேலை அதே தவளைகளை எண்ணுவது. ஏரிக் காப்பகத்தில் சம்பளத்துக்கு. நாணலுக்குள் இடுப்பளவு நீரில் கயிறு கட்டி, நூறு அடிக்குள் ஒவ்வொரு கல்லாகப் புரட்டி எண்ணி, பதிவேட்டில் எழுதுவான்.

புருஷன் எண்ணுகிறான், பெண்டாட்டி அரைக்கிறாள். இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் எனக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

3.

இந்தத் தவளையைப் பற்றி ஒரு பத்தி. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் போனால் நஷ்டம்.

அளவு தெரியாத தையல்காரன் தைத்த சட்டை மாதிரி அதன் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அது மூச்சு விடுவது அந்தத் தோலால். நீரில் காற்று குறைந்தால் தரையில் கைகால் ஊன்றித் தண்டால் எடுக்கும். மெய்யாகவே. மேலே, கீழே, மேலே, கீழே; மடிப்புகள் ஆட ஆட, நீர் அசையும், மூச்சு வரும். சபினோ இதைச் சந்தையின் நடுவழியில் குப்புறப் படுத்துச் செய்து காட்டுவான். எங்கள் ஊர் இருக்கிற மலை உயரத்தில் மனிதன் ஐந்து தண்டால் எடுத்தாலே கண் இருட்டும்.

"எழுந்திருய்யா, சனம் மிதிக்கும்!"

"இரு லியோ, தவளைக்கு இன்னும் மூச்சு வரலை."

பக்கத்து உருளைக்கிழங்குக் கடை ஃபோர்த்துனாத்தா சிரித்து மூட்டை மேலேயே சாய்வாள். "இவன் கணக்கு எடுக்கிறான், நீ கணக்கை முடிக்கிறே. நல்ல ஜோடிடி!"

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. அவன் பதிவேட்டில் காப்பகம் அச்சடித்துக் கொடுத்த பத்திகள் மூன்று: உயிரோடு, செத்தது, குஞ்சு. நான்காவதை அவனே கோடு போட்டுச் சேர்த்தான். தலைப்பு: லியோ. அவள் அரைத்தவை அதில்.

"இந்த வாரம் என் பேருல எத்தனை போட்டே?"

"நாலு."

"ரெண்டுன்னு போட்டுட்டு விடேன்யா."

"பொண்டாட்டின்னு குறைச்சு எழுத முடியாது."

(பத்தியின் அடியில் ஒரு ரகசியம். சாற்றின் சக்தியை முழுசாக நம்பியவன் சபினோதான். அவள் நம்பவில்லை. ஒரு மாசம் தவளையே வராதபோது வெறும் மக்காவையும் தேனையும் அரைத்துக் கொடுத்தாள்; ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த மாசம் குடித்த மாப்பிள்ளைக்கு இரட்டைக் குழந்தை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.)

4.

இந்தப் பகுதியை ஏழு தடவை எழுதினேன். இப்போது வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

தேன் குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போன அந்தக் காலையில், மேலே இருக்கிற ஊரின் சாக்கடை முதல் மழையோடு ஆற்றில் இறங்கி ஏரிக்கு வந்திருந்தது. கரை முழுக்கப் பச்சை நுரை. தவளைகள் மல்லாந்து கிடந்தன. சபினோவும் காப்பகத்துக்காரர்கள் இரண்டு பேரும் மூன்று நாள் வெறுங்கையால் பொறுக்கினார்கள். செத்தது: ஆயிரத்து நூற்றுப் பதினான்கு. உயிரோடு: ஒன்று. அந்த ஒன்றை வாளியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, தினமும் ஊற்றுநீர் மாற்றினான்.

அடுத்த வாரம் அவனுக்குக் காய்ச்சல். சுகாதார நிலையத்து நர்ஸ் நில்டா வந்தாள்.

"ஏரித்தண்ணி வாய்க்குள்ள போச்சாண்ணே?"

"கொஞ்சம் போச்சு. தவளை இருக்கிற தண்ணிதானேம்மா."

"தவளையெல்லாம் செத்துப்போச்சேண்ணே."

"அட, ஆமா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். லியோகாடியாவும் சிரித்தாள். மாத்திரைக்குக் காய்ச்சல் அடங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும் என்றாள் நில்டா. ஆனால் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. சாக்கடையைச் சுத்திகரிக்க ஆலை வேண்டும் என்று எங்கள் ஆட்கள்தான் பாறைகளை உருட்டி வைத்திருந்தார்கள். முதல் நாள் பாறை உருட்டியதில் நானும்

லியோகாடியாவும் இருந்தாள். இப்போது அவளே போய்க் கெஞ்ச, ஆறு மணிக்குள் வழி விடுகிறோம் என்றார்கள். நியாயமான ஆட்கள். பெரிய பாறைகள்.

5.

மத்தியானம் மூன்று மணி.

"லியோ, ஒரு தம்ளர் போடு."

"போடுறேன்."

"தவளையோட."

காய்ச்சலில் உளறுகிறான் என்று நினைத்தாள். "ஒண்ணுதான்யா இருக்கு."

"தெரியாதா? நான்தானே எண்ணினேன்."

"பதிவேட்டுல என்ன எழுதுவே?"

"நீ என் பொண்டாட்டிதானே. இந்த ஒரு தடவை எழுதாம விடு."

அவன் சிரிக்கப்போய் இருமல் வந்தது. அவள் வாளிக்குள் கைவிட்டாள். வெங்காயம் உரிக்கிற மாதிரி தவளை உரித்த கை அது. அடியில் அந்த ஒற்றைத் தவளை தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. மேலே, கீழே. என் கை நீருக்குள்ளேயே நின்றது.

(அவள் கை. திருத்திவிடுங்கள்.)

6.

முடிவு ஒன்று. தவளை மிக்சிக்குள் போகிறது. சபினோ ஒரே மூச்சில் குடிக்கிறான், நுரை மீசையோடு, "தேன் குறைச்சல்" என்கிறான். ஆறு மணிக்கு வண்டி வருகிறது. முதல் பாறைக் குவியலைத் தாண்டுகிறது. இரண்டாவதில் வழி திறப்பதற்குள் அவன் போய்விடுகிறான். பிறகு நில்டா சொல்கிறாள்: அந்த நீரில் கிடந்த தவளையில் அதே கிருமி இருந்திருக்கலாம் அக்கா. ஏரியின் அந்தக் கரையில் அதற்குப் பிறகு தவளை இல்லை.

முடிவு இரண்டு. அவள் வாளியைத் துணியால் மூடி, இரட்டைக் குழந்தை பெற்ற மாப்பிள்ளைக்குக் கொடுத்த அதே சாற்றைச் சத்தமாக அரைக்கிறாள். "தவளை போட்டியா?" என்கிறான். "போட்டேன்" என்கிறாள். குடிக்கிறான். "தேன் குறைச்சல்." வண்டி, முதல் குவியல், இரண்டாவது குவியல். மறுநாள் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்குளத்துக்கு ஏறி, கவிழ்க்கிறாள். உங்களுக்கு இந்த லியோகாடியாவைப் பிடிக்கும். ஆனால் சந்தையில் நம்புகிறவர்கள் உண்டு. "அந்தத் தவளையைப் போட்டிருந்தா ஒரு மணிநேரம் தாங்கியிருப்பான்" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அவளால் அதை மறுக்க முடியாது.

இதுவரைக்கும் படித்துக்காட்டியபோது ஃபோர்த்துனாத்தா திட்டினாள்.

"ஏன்டி, உன் கதைதானே? உயிரோட விடேன் அவனை. காகிதத்துக்கா பஞ்சம்?"

முயற்சி செய்தேன். "சபினோ எழுந்து உட்கார்ந்து". அதற்குமேல் ஓடவில்லை. அவன் எழுந்தால் சும்மா உட்கார மாட்டான், தரையில் குப்புறப் படுத்துத் தண்டால்

(அடக்கத்தன்று காப்பகத்துக்காரர்கள் இரண்டு பேரும் குழியருகே பத்துத் தண்டால் எடுக்கிறோம் என்று படுத்தார்கள். ஒருவன் ஆறில் நின்றான், இன்னொருவன் ஏழில் மயங்கினான். பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டு முகத்தில் நீர் தெளித்தார். நாங்கள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று கதையில் சேர்க்கவில்லை.)

7.

பதிவேட்டைக் காப்பகம் என்னிடமே கொடுத்துவிட்டது. ஆமாம், என்னிடம். தங்கப்பல்லை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேதியின் வரி இருக்கிறது. லியோ என்ற பத்தி காலி. ஒன்று போடலாம், பூஜ்யம் போடலாம். பென்சிலைக் கயிற்றில் கட்டியே வைத்திருந்தான், தொலையாமலிருக்க. அது இன்னும் தொங்குகிறது. சந்தைப் பக்கம் வந்தால் நீங்களே எழுதுங்கள். அவன் எழுதாமல் விடச் சொன்னான், நான் விட்டேன். என் கடையில் இப்போது தவளை கிடையாது. மாப்பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள், கூச்சமும் அப்படியே இருக்கிறது.

தேனை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எந்தச் சாறாக இருந்தாலும், அதில் போட்டது மூன்று கரண்டி.