லிப்ட் மெக்கானிக் ஓடிய மாலை

அன்று கூண்டுக்குள் அகப்பட்டவை ஆறு நாய்களா ஏழா என்று இன்றைக்கும் எனக்குத் திடமாகச் சொல்ல வராது. மழை தூறியது போலவும் நினைவு, வெயிலில் கண் கூசியது போலவும் நினைவு. லிப்ட் மெக்கானிக் ஓடினார் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. அதை ஊரே பார்த்தது.

அவர் ஓடுகிற ஆள் இல்லை. பேசுகிற ஆளும் இல்லை. உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று இரும்பு வடங்களைச் சோதித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். வீட்டிலும் அதே அமைதிதான். மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போனபோது தன் நாய் மிளகை அவரிடம் விட்டுப் போனாள். விடுமுறைக்கு வந்தவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு தடவை ரோட்டுக்கு ஓடியிருக்கு. நீங்க கூப்பிட்டும் திரும்பிக்கூடப் பாக்கல. பஸ்ல அடிபட்டா என்னப்பா பண்றது? இன்னைக்குப் பூங்காவுல அவுத்து விடுவோம். கூப்பிட்டு வந்துச்சுன்னா உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா என் ஃபிரெண்டு வீட்டுல விட்டுடறேன்."

"சரிம்மா" என்றார். மிளகு தினமும் அவர் காலைக் கட்டிக்கொண்டுதான் தூங்கும் என்பதையோ, அந்தச் சூடு இல்லாமல் இனித் தனக்குத் தூக்கம் வராது என்பதையோ சொல்லவில்லை.

நாய்ப் பூங்கா நான்கு சாலைகள் முட்டிக்கொள்ளும் இடத்தில், கம்பி வேலிக்குள் இருந்தது. உள்ளே போக இரண்டு கதவுகள், நடுவே ஒரு சின்னக் கூண்டு. வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். கயிற்றையும் அந்தக் கூண்டில்தான் அவிழ்க்க வேண்டும். அவருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. "நம்ம லிப்ட் மாதிரிதான்" என்று தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார்.

கயிற்றை அவிழ்த்ததுதான் தாமதம், மிளகு பறந்துவிட்டது.

அங்கே மனிதருக்குப் பெயர் கிடையாது. கழுத்தில் விசில் தொங்கவிட்டிருந்த பெண்மணி, "நான் சோடா அம்மா. நீங்க?" என்றார்.

"லிப்ட் மெக்கானிக்."

"அதில்லைங்க. எந்த நாயோட அப்பா?"

அவர் மகளைப் பார்த்தார். "இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

"கூப்பிடுங்கப்பா" என்றாள் மகள்.

"மிளகு" என்றார், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது போல.

"ரகசியமா சொல்றீங்க? அடிவயித்துல இருந்து வரட்டும்!"

"மிளகூ!" இந்த முறை அந்தப் பெண்மணியின் நாய் சோடா வந்தது. பின்னாலேயே ஒரு குட்டை நாய் வந்து அவர் செருப்பை முகர்ந்து காலைத் தூக்கியது. மிளகு மட்டும் வரவில்லை. அவர் கிட்டே போனார். அது தள்ளிப் போய் நின்று வாலாட்டியது.

மகள் கயிற்றைக் கையில் சுருட்டினாள். "போதும்ப்பா. விடுங்க."

"துரத்தினா அது போய்க்கிட்டேதான் இருக்கும்" என்றார் சோடா அம்மா. "நீங்க ஓடுங்க. அது துரத்தும்."

"நானா?"

"பின்ன நானா? கத்திக்கிட்டே ஓடணும். சந்தோஷமா!"

அவர் கயிற்றைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து மகள் கையில் கொடுத்தார். வேட்டி கட்டியவர் மடித்துக் கட்டுவது போல பேன்ட்டை ஒருமுறை தூக்கிவிட்டுக்கொண்டார். ஓடினார்.

"மிளகூ! ஊய்ய்ய்! வா வா வா வா!"

மிளகு திகைத்தது. பிறகு தலைதெறிக்கப் பாய்ந்து வந்தது. அதன் பின்னால் சோடா, குட்டை நாய், பூங்காவில் நாலு காலில் நின்ற அத்தனையும். அவர் மரத்தைச் சுற்றினார், பெஞ்சைத் தாண்டினார், மூச்சு முட்ட உள்கதவைத் திறந்து கூண்டுக்குள் விழுந்தார். அத்தனையும் மேலே வந்து விழுந்தன. முதலில் விழுந்தது மிளகு. நாய்கள் முட்டியதில் உள்கதவும் சாத்திக்கொண்டது.

"ஓவர்லோடு! ஓவர்லோடு!" என்று அலறினார். அலறல் நடுவிலேயே சிரிப்பு வெடித்தது. அப்பா இப்படிச் சிரித்து மகள் கேட்டதே இல்லை.

"கூப்பிட்டீங்களா, கூச்சல் போட்டீங்களாப்பா?"

"வந்துச்சா இல்லையா?"

மகள் கம்பி வழியாகக் கயிற்றை நீட்டினாள்.

அன்றிரவு மகள் தனியாகப் பஸ் ஏறினாள். ஸ்க்ரூடிரைவர் அவள் பையோடு போய்விட்டது. சோடா அம்மா இன்னும் புதிதாக வருகிறவர்களை ஓடவிடுகிறார். நடந்துகொண்டே கூப்பிட்டால் மிளகு வராது, ஓடினால் வரும்; அவரும் ஓடுகிறார். லிப்ட் மெக்கானிக் என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. மிளகு அப்பா என்று கேட்க வேண்டும்.