கால்மணி நேரத்துப் பதில்

"சோறு போட்டாச்சு. தெருவே தின்னுட்டுப் போயாச்சு. இப்பப் போயி, 'அது இல்ல, இதுதான்'னு எப்படிம்மா சொல்றது?"

"அவரு நெஞ்சுக்குள்ள இருக்கறதுக்கும் தெரு வயித்துக்குள்ள போனதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. திண்டுக்கல்லில் ஒரு தோல் வியாபாரியின் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், வருடம் 1964. கீழே முதலில் பேசியவர் அப்துல் சுக்கூர். பதில் சொன்னவள் அவர் தங்கை ஜெய்தூன் பீவி. 'அவரு' என்பது அவள் கணவர், வீட்டுக்காரர் கிதர் முகம்மது. அவர் அப்போது மண்டிக்குப் போயிருந்தார்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "அறுவைக் கூடத்தின் சன்னலுக்கு வெளியே பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த—"

(நிறுத்திவிட்டேன். எந்தெந்த தேசத்து நாவல்களையோ தமிழில் படித்துப் படித்து, நெஞ்சுநோய் என்றாலே எனக்குப் பனியும் வெள்ளைக் கைக்குட்டையும்தான் வருகின்றன. கிதர் முகம்மது இருமியது தோல் மண்டியில், உப்பும் ஆவாரம்பட்டையும் நாறும் வெயிலில்.)

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எக்ஸ்ரேயில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு நிழல். பழைய காசநோய்த் தழும்பா, புற்றா என்று வெளியிலிருந்து தெரியவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மார்பைத் திறந்தார்கள். கட்டியை மட்டும் வெட்டியெடுத்து, அதன் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். அங்கே அதை உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள்.* கால்மணி நேரத்தில் பதில் வந்தது: தழும்புதான். மார்பைத் தைத்துவிட்டார்கள்.

* புற்று என்றால் நுரையீரலின் அந்தப் பகுதி முழுவதையும் அப்போதே எடுத்துவிடலாம். இல்லையென்றால் வீணாக எடுக்க வேண்டாம். அதற்காகத்தான் இந்த அவசரப் பார்வை. பெரும்பாலும் சரியாக இருக்குமாம். ஒரே ஒரு நெஞ்சை வைத்திருக்கும் மனிதன் எப்படிப் பெரும்பாலும் பிழைப்பான்?

3

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். டாக்டரைத் திமிர் பிடித்தவராக எழுதினேன். கிழித்தேன். முழுக் கட்டியையும் நிதானமாகச் சோதித்த பிறகே இறுதிப் பதில், அதுவரை பொறுத்திருங்கள் என்று அவர் சொல்லத்தான் செய்தாராம். ஆனால் அதை வராந்தாவில் நடந்துகொண்டே, பாதி இங்கிலீஷில் சொன்னாராம். 'புற்று இல்லை' என்பதை மட்டும் நின்று, சுக்கூரின் தோளைத் தட்டி, நல்ல தமிழில் சொன்னாராம். எது காதில் விழும்? நீங்களே சொல்லுங்கள்.

சுக்கூர் தந்தியடித்தார். ஊர் திரும்பியதும், மச்சான் பிழைக்க வேண்டிக்கொண்டிருந்த நேர்ச்சையை நிறைவேற்றினார். ஃபாத்திஹா ஓதி, தெருவுக்கே நெய்ச்சோறு. நானும் தின்றேன். நன்றி சொல்லி முடித்த நோய்க்கு மறுபடி வைத்தியம் தேடினால், கொடுத்த நன்றியைப் பிடுங்கிக்கொண்டதாகிவிடும். அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு பயம்.

பிறகு தோல்சுமை அனுப்பச் சென்னை போன சுக்கூர், ஆஸ்பத்திரிக்கும் போனார். முழுக் கட்டியையும் சோதித்ததில் தழும்பின் நடுவே புற்று இருந்தது என்றார்கள். ஆரம்பம்தான், உடனே கூட்டி வந்தால் நுரையீரலின் அந்தப் பகுதியையும் எடுத்துவிடலாம் என்றார்கள். சுக்கூர் திரும்பி வந்து ஒரு மாதம் இதை யாரிடமும் சொல்லவில்லை; அன்றுதான், மச்சான் மண்டிக்குப் போயிருந்த நேரத்தில், தங்கையிடம் சொன்னார்.

4

(இந்தச் சுக்கூரை எழுத வரவில்லை. மச்சானுக்காக ஆஸ்பத்திரி வாசலில் பட்டினி கிடந்த ஆள். அவரே இதை மறைத்தார் என்றால் யார் நம்புவார்கள்?)

ஜெய்தூனாலும் நம்ப முடியவில்லை. "ஒரு மாசமா, அண்ணே? தெனமும் வந்து எங்கூட்டுல டீ குடிச்சுட்டுப் போனியே."

இன்னொரு தரம் நெஞ்சைக் கிழித்தால் மச்சான் தாங்குவாரா என்றார் சுக்கூர். ஒருமுறை தப்பாகச் சொன்னவர்களை இனி எதற்கு நம்ப வேண்டும் என்றும் கேட்டார்.

"மொதல்ல சொன்னத நம்பித்தான சோறாக்குன? ரெண்டாவது சொன்னது ஒனக்குப் பிடிக்கல. அம்புட்டுத்தான்."

அவள் சத்தம் போடவில்லை.

5

முடிவு ஒன்று: கிதர் முகம்மது போகிறார், பிழைக்கிறார். எழுதிப் பார்த்தேன். திகட்டியது.

முடிவு இரண்டு: "அடுத்த கோடையில், மண்டி வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு அவர் உடலை—"

(மாட்டேன். அவர் சிரிப்புச் சத்தம் கேட்கிற வீட்டில் உட்கார்ந்து இதை எழுதக் கை வராது. முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் நான் பார்த்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.)

கிதர் முகம்மது கூடத்தில் பாயில் உட்கார்ந்து, பார்க்க வந்த மண்டி ஆட்களுக்குச் சட்டையைத் திறந்து தையல் தடத்தைக் காட்டினார். ஆட்டுத்தோலைக்கூட இவ்வளவு நேர்த்தியாகத் தைக்க ஆளில்லை என்று அவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சுக்கூர் மட்டும் வாசற்படியில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். வந்தவர்கள் போகும்வரை ஜெய்தூன் காத்திருந்தாள். பிறகு கணவரின் எதிரே உட்கார்ந்து, அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

"என்னங்க, அங்க மொதல்ல பாத்துச் சொன்னது தப்பாம். புத்துதானாம். ஆரம்பந்தானாம். யாரு மேல கோவப்படணுமோ அத அப்புறம் வச்சுக்கலாம். எங்கூட மெட்ராசுக்கு வாரீங்களா?"