கண்ணாடிக்கு அடியில்

பட்டப்பகலில் ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டி அந்த வாடகை வீட்டை இருட்டாக்கியிருந்தார்கள். மனதால் ஒட்டிக்கொண்ட இரட்டைச் சகோதரிகளைப் பற்றிய பேய்ப்படம். கிராபிக்ஸுக்கு வழியில்லாத டைரக்டர் நிஜ இரட்டையரைத் தேடிப் பிடித்திருந்தார். மற்றதும் நிஜம் என்பது அவருக்குத் தெரியாது.

ஒருத்திக்கு வலித்தால் மற்றவளுக்கும் வலிக்கும். அவ்வளவுதான். காலையில் அதுவே தொல்லையாகிவிட்டது. கேமராவுக்குப் பின்னால் நின்ற அக்காவின் கடைவாய்ப்பல்லில் வலி தெறித்தது. முன்னால் நின்ற தங்கையின் கன்னம் துடித்தது.

"பேய்க்குப் பல்வலி போல" என்றார் கேமராமேன். "இருக்கறது ஒரே நைட்டி. தொட்டி சீன்ல அது நனையறதுக்குள்ள யாராவது வைத்தியம் பாருங்கப்பா."

அக்கா பக்கத்துத் தெருவில் ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பாதி முகம் வேறு யாருடையதோ போல் கனத்தது. தங்கையின் கன்னம் அடங்கியிருந்தது.

"இப்பதான்டி நிம்மதி. காலைலேர்ந்து உன் பல்லையும் சேர்த்துக் கடிச்சிட்டிருந்தேன்" என்றாள் தங்கை.

"நீ சைக்கிள்ல விழுந்தப்ப நான் நொண்டலையா, போடி."

அடுத்தது குளியல் தொட்டிக் காட்சி. தங்கை தண்ணீருக்குள் மல்லாந்து கிடப்பாள். மேலே சாப்பாட்டு மேஜையின் கண்ணாடியை வைத்து லைட்மேன்கள் இருவர் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். அவள் அடியிலிருந்து அறைந்து, உதைத்து, மெல்ல அடங்க வேண்டும். உதைப்பதே நடிப்பு என்பதால், எப்போது கண்ணாடியை எடுப்பது என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தெரியாது.

"அக்கா நிக்கட்டும் சார். அவ கை தூக்கினா எடுத்துடுங்க" என்று தங்கைதான் சொன்னாள். ஒத்திகையில் சரியாக வந்தது. அது நேற்று.

கேமரா ஓடியது. அக்கா தன் மூச்சைக் கவனித்தபடி நின்றாள். நெஞ்சு இறுகத் தொடங்கியதும் கையைத் தூக்க வேண்டும். இறுகவில்லை. காற்று தாராளமாக வந்து போனது. தங்கை இன்று நன்றாகத் தாக்குப்பிடிக்கிறாள் என்று நினைத்தாள். கண்ணாடிக்கு அடியில் இரண்டு உள்ளங்கைகள் வெளுத்துப் பரந்தன.

"பெரிய ஆளும்மா உன் தங்கச்சி" என்று கேமராமேன் முணுமுணுத்தார்.

தங்கையின் குதிகால் தொட்டியின் உள்சுவரில் மோதியது. ஈரமான, கெட்டியான சத்தம். லைட்மேன் ஒருவர் தன்னையறியாமல் பல்லைக் கடித்தார். அக்கா தன் குதிகாலில் அந்த வலி வருவதற்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

ஊசி தாடையை மட்டும் மரக்கவைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கை தூக்க நினைவில்லாமல் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தள்ளினாள். அது தரையில் விழுந்து சிதறியது. தங்கையை முடியைப் பிடித்துத் தூக்கினாள்.

தங்கை தண்ணீராகக் கக்கினாள். நெடுநேரம் இருமினாள். அதில் ஓர் இருமல்கூட அக்காவின் நெஞ்சில் விழவில்லை.

"உன்னை மனசால கூப்பிட்டேன்" என்றாள் தங்கை, தொட்டியின் விளிம்பில் தலையைச் சாய்த்தபடி. "எவ்வளவு கூப்பிட்டேன் தெரியுமா? அங்க யாருமே இல்ல."

டைரக்டர் மானிட்டரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அந்த உதை போதும். ஷாட் ஓகே. கண்ணாடிய மட்டும் பார்த்து அள்ளுங்க."

மாலையில் தாள்களைக் கிழித்தார்கள். மிச்சமிருந்த வெளிச்சம் உள்ளே வந்தது. தங்கை துண்டைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஊசியின் வேகம் குறைந்தது. முதலில் உதடு திரும்பி வந்தது, பிறகு நாக்கு, பிறகு வலி. பல் இருந்த இடம் கொதித்தது. கண்ணில் நீர் முட்ட, அக்கா தங்கையின் கன்னத்தையே பார்த்தாள்.

அது அசையவில்லை. தங்கை நிதானமாக ஒரு மிடறு குடித்தாள்.

அக்கா காத்திருந்தாள். டீ ஆறும்வரை காத்திருந்தாள்.

"ரொம்ப வலிக்குதுடி" என்றாள் கடைசியில். அவர்களுக்குள் அதை வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை.

"அப்படியா" என்றாள் தங்கை.